மச்சில் வரைந்த நெளி அடைப்புக்குறி

நேற்று சேரன்மகாதேவி பஸ்ஸில் போகும்போது நெல் அவிக்கும் வாசனை வந்ததும், பேட்டையில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அரிசி மில்லின் மச்சுக்கே மனசு போய்விட்டது. மில்காரர் மகள் செல்வி அக்கா அங்கேதான் எங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். இருந்தது ஒரே ஏணி. நாங்கள் ஏறியதும் மூட்டை அடுக்க அதை எடுத்துப் போய்விடுவார்கள், திரும்பி வந்தால்தான் இறங்கலாம்.

அன்று வாப்பா சவுதிக்குக் கிளம்பும் நாள். மறுநாள் பரீட்சை என்று உம்மா என்னை விரட்டிவிட்டாள். கணங்களுக்குப் போடுகிற நெளி அடைப்புக்குறி எனக்கு வரவே இல்லை.

"ஏளா, நடுவுல மூக்கு எங்க? மண்புழுல்லா வரைஞ்சிருக்க. ஒண்ணாவது சரியா போட்டுட்டு எறங்கு," என்றாள் அக்கா.

நீராவியில் நமுத்த தாளில் மை பரவப் பரவ எழுதி, ஒருவழியாக மூக்கு சரியாக விழுந்தபோது, ஏணி வந்து மறுபடி போய்விட்டிருந்தது. கீழே வாப்பா கிளம்பிய கார் வந்து நின்றது.

"ஏணி எங்கன வே?" என்று மூட்டை தூக்குகிறவரிடம் வாப்பா கேட்டார்.

"கோடவுனுக்குப் போயிருக்கு அண்ணாச்சி."

நான் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டேன். வாப்பா மூட்டைமேல் ஏறியும் எட்டவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"விழுந்துராதம்மா, கைய உள்ள எடு," என்றார் வாப்பா.

அவர் திரும்பி வரும்வரை என்னிடம் இருந்த அவர் குரல் அதுதான்.