முதுகு திறந்த சட்டை

பக்கத்து வீட்டுத் தையற்காரி, பக்கவாதம் வந்த கணவரின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். அவர் பல்லைக் கடித்து வலி பொறுத்தார். அப்போது கூரியர்காரர் வந்தார். முதுகுப்பக்கம் திறக்கும் சட்டைகளை அவளுடைய தங்கை வெளிநாட்டில் வாங்கி அனுப்பியிருந்தாள். பத்திரமாக வரட்டுமென்று பெட்டிமேல் விலையைக் கூட்டி எழுதியதால் சுங்க வரியும் ஏறியிருந்தது.

“வரியோட கூரியர் கட்டணமும் சேர்த்துக் கட்டுனாத்தான் பெட்டி, அக்கா.”

“கட்டினா மருந்துக்கு என்ன பண்றது, தம்பி? திருப்பி அனுப்பினா?”

“அந்தச் செலவு அனுப்பினவங்க தலையில.”

“நாளைக்குச் சொல்றேன்.”

கணவர் சிரித்தார். “ஊருக்கெல்லாம் தைக்கிறே. எனக்கு மட்டும் வெளிநாட்டுச் சட்டையா?”

மறுநாள் காலை அவருடைய கல்யாணச் சட்டையை முதுகில் நெடுக வெட்டி, நாடா வைத்துத் தைத்தாள். உதவிக்குப் போன நானும் அவளுமாக, அவர் கையைத் தூக்காமலே மாட்டிவிட்டோம். பிறகு பெட்டி வேண்டாமென்று சொல்லத் தங்கைக்குப் போன் செய்தாள்.