கழுவாத டேங்க்கும் கேட்கக் கூடாத ஜெபமும்

அன்பான சகோதர சகோதரிகளே, பூச்சிமருந்து விற்பதில் எனக்கு இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் என் கால் படாத வரப்பு இல்லை. வாயாலேயே பிழைத்தவன் நான். அந்த வாயே ஒருநாள் என்னைக் காட்டிக்கொடுத்தது.

போன ஐப்பசியில் பரளச்சியில் ஒரு செயல்விளக்கம் வைத்தோம். புது மருந்தை ஒரு விவசாயியின் காட்டில், ஊர் பார்க்க, நாங்களே அடித்துக் காட்டுவோம். முத்துலட்சுமி என்ற அம்மாவின் காடு. ஒன்றரை ஏக்கர் மானாவாரிப் பருத்தி, முழங்கால் உயரம் நின்றது. மருந்தை அளந்து ஊற்றியவர் சிக்கந்தர். பதினான்கு வருடமாக என்னோடு ஓடுகிறவர். முதல் டேங்க்கை என் தோளில் மாட்டி நானே அடித்தேன். மேலாளரான நானே அடித்தால் ஜனத்துக்கு நம்பிக்கை வரும் என்பது என் கணக்கு. மீதியை அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அடித்தார்.

ஐந்தாம் நாள் சிக்கந்தர் போட்டோ அனுப்பினார். பருத்தி இலைகள் விரல்விரலாகக் கிழிந்து, குருத்து பாம்புபோல் முறுக்கிக் கிடந்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடத்துக்கு வேறு வெள்ளாமை கிடையாது.

தலைமை அலுவலகம் விடவில்லை. யார் தப்பு என்று இரண்டு நாளில் அறிக்கை வேண்டும் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. அளவு தப்பாகியிருக்கும் என்று முடிவுகட்டி, சிக்கந்தர் பெயரை எழுதினேன். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். விஷயம் காதுக்கு எட்டி அவரே போன் செய்தார்.

"அண்ணே, அளவு சரியாத்தேன் ஊத்துனேன். அன்னைக்கி நடந்ததச் செத்த யோசிச்சுப் பாருங்க."

"என்னத்தய்யா யோசிக்கச் சொல்ற?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் காலை ஜெபத்தில் முழங்காலிட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, உண்மையை வெளியே கொண்டுவாரும். தப்புச் செய்தவனை வெட்கப்படுத்தும்." கண்ணீரோடு கேட்டேன். கோபத்தில் வருகிற கண்ணீரையும் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அறிக்கையோடு வீடியோவும் இருந்தால் பலமாக இருக்குமே என்று, சிக்கந்தர் அன்று எடுத்து அனுப்பியிருந்ததைத் திறந்தேன். அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. முத்துலட்சுமி அம்மா டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

"ஐயா, போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரக மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்ச டேங்கு. கழுவித் தாரேன், செத்த பொறுங்க."

அடுத்து என் குரல். "அட கிடக்கட்டும்த்தா! நம்ம மருந்துக்கு முன்னால அதெல்லாம் எம்மாத்திரம்? கொண்டா, நேரமாச்சு!"

கூட்டம் சிரிக்கிறது. எல்லாரையும்விடப் பெரிதாக நான் சிரிக்கிறேன்.

களைக்கொல்லி ஒட்டியிருந்த டேங்க்கில் பருத்திக்கு மருந்து அடித்தால் செடி முறுக்கிவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "டேங்க்கை மூணு தடவை கழுவு" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். எங்கள் நோட்டீசில் முதல் வரியே அதுதான். ஊருக்கு உபதேசம் எனக்கு இல்லையாக்கும்! கேட்ட ஜெபத்துக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அந்தப் பதிலில் என் முகம் இருந்தது. ஐயோ ஆண்டவரே, ஏன் கேட்டேன் என்று வாய்விட்டு அழுதேன்.

அறிக்கையைக் கிழித்தேன். என் பெயரைப் போட்டு வேறு எழுதி அனுப்பிவிட்டு, சிக்கந்தர் வீட்டுக்குப் போனேன். "வீடியோ எடுத்தது நீதானே, உனக்குத் தெரியும்தானே, ஏன்யா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்பிருப்பீகளாண்ணே?"

பதினான்கு வருடப் பழக்கத்துக்கு நான் சம்பாதித்த பதில் அது. அவர் காலைத் தொடப்போனேன். தடுத்து, சாப்பிட உட்கார வைத்தார்.

இரண்டு பேருமாகப் பரளச்சிக்குப் போனோம். அடிவிழும் என்றுதான் நினைத்தேன். டீக்கடை முன்னால் ஊர் கூடி நிற்க, தப்பு என்னுடையது என்று சொன்னேன். முத்துலட்சுமி அம்மாதான் பேசினார்.

"எனக்கு அன்னைக்கே மனசுல உறுத்துச்சுய்யா. நீங்க இம்புட்டுப் படிச்சவுக, சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்னு குடுத்துட்டேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு எனக்கு ஒரே ஜெபம்தான். "என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், அந்தச் செடியை மட்டும் காப்பாற்றும்." சபையில் என் பெயர் சொல்லாமல் ஜெபிக்கச் சொன்னேன். பிறகு வெட்கத்தை விட்டுப் பெயரோடு சொன்னேன். எட்டாம் நாள் மழை இறங்கியது. வானத்தைப் பார்த்தே வாழ்கிற பூமியில் அது எப்பேர்ப்பட்ட பதில் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் பக்கக் கிளைகளில் புது இலை வந்தது. அகலமான, நல்ல இலை! வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் அடித்த முதல் டேங்க்கில்தான் களைக்கொல்லி அதிகம் கலந்திருந்தது; அந்த ஏழு வரிசை மட்டும் தேறவே இல்லை. மற்றதெல்லாம் காய் பிடித்தது.

மேலாளர் பதவி என்னை விட்டுப் போனது. இன்று அந்த நாற்காலியில் சிக்கந்தர் இருக்கிறார். நான் அவருக்குக் கீழே கிராமங்களுக்குப் போகிறேன். செயல்விளக்கம் என்றால் கூட்டத்துக்கு முன்னால் டேங்க்கை நான்தான் கழுவுகிறேன். "ஐயா, மூணு தடவை ஆச்சா?" என்று பரளச்சிக்காரர்கள் இப்போதும் கேலி செய்கிறார்கள். சந்தோஷமாக எண்ணிக் காட்டுகிறேன்.

உங்களில் யாராவது இன்று இன்னொருவர் மேல் உள்ள கோபத்தோடு ஜெபிக்கிறீர்களா? நிறுத்த வேண்டாம், உண்மையைக் காட்டும் என்றே கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது மட்டும் ஓடிவிடாதீர்கள். என்னை வெட்கப்படுத்திய அதே கைதான் அந்தப் பருத்தியைத் துளிர்க்க வைத்தது.