மிஷின் டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பன்மார் யாரும் பெனிட்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஷின் டீச்சர் என்றால்தான் தெரியும். இப்போதும் படகுத்துறையில் எவனாவது அப்படிச் சொன்னால் அவன் வாயிலேயே ஒன்று போடலாம் போல எனக்கு வருகிறது. நான் மார்கரெட், ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் நீளம் என்று தலைமையாசிரியரே சொல்லுவார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏழாம் வகுப்பு எடுக்கும் பெனிட்டாவுக்கு மீஞ்சூர். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. இவ்வளவு இடிபட்டு வந்தும் பள்ளி விட்ட பிறகு வீட்டுக்கு ஓடமாட்டாள். அன்றைக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுவாள். ஏன் வரல, காய்ச்சலா, இன்னா சாப்ட்டான், மருந்து வாங்கினீங்களா என்று கதை கதையாகப் பேசுவாள். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களும் விடாமல் பேசுவார்கள். அவள் வீடு போய்ச் சேரும்போது அவள் மகள் தூங்கியிருப்பாள். கணவர் ராபர்ட்டுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தை கீழே விழுந்து, பெனிட்டா தூக்கப் போனதும் இவள் கையைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து "அம்மா" என்று அழுதிருக்கிறது. திங்கட்கிழமை வந்து என்னிடம் சொல்லி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"நான் இன்னாதான் பண்றது மிஸ்? பெத்த புள்ளைக்கே நான் யாரோ ஆயிட்டேன்."

அந்த நேரத்தில்தான் பொன்னேரியில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஆசிரியர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் செயலிகளாம். நான் சமோசாவைத் தின்றுவிட்டுத் தூங்கினேன். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மறுவாரமே அவள் போன் வினாத்தாள் தயாரித்தது, மதிப்பெண் கூட்டியது. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது வருகைப்பதிவு. காலையில் பெயருக்கு நேரே 'வந்தது', 'வரவில்லை' என்று தொட்டால் போதும், வராத பிள்ளையின் வீட்டுக்கு அவள் எண்ணிலிருந்து தானாகப் போன் போகும், அவள் குரலிலேயே பேசும்.

அந்தக் குரலை என் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதிவு செய்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாகச் சொன்னாள்.

"இன்னாடி, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறியா?" என்றேன்.

"சும்மா இருங்க மிஸ், உங்க குரலும் சேர்ந்து பதிவாயிடும்."

குறை சொல்ல மாட்டேன். அது நன்றாகவே வேலை செய்தது. பெனிட்டா வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தாள். மகள் மடியில் வந்து உட்காருகிறாள் என்று சொன்ன அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தாள்.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஏரியில் மீன்பிடிக்க ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று அவர்களுக்குள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த வீட்டில் பிள்ளைகள் இறால் பிரிக்க நின்றுவிடும். பெனிட்டாவுக்கு இது தெரியும், யாருக்குப் பாடு என்று தெரிந்துதான் முன்பு போன் போடுவாள். மிஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? வலை இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஈரக் கையைத் துடைத்து எடுத்தால், "வணக்கம், பெனிட்டா டீச்சர் பேசுறேன்" என்று ஆரம்பிக்கும். இவன் பதில் சொன்னால் அது கேட்காது.

"இன்னா டீச்சரே, உங்க மிஷினு ஆள விடமாட்டேன்னுதே," என்று ஒருநாள் துறையில் நீலமேகம் சிரித்தான். ஏழாம் வகுப்புப் பூவிழியின் அப்பன். "வணக்கம்னு வந்தாலே கட் பண்ணிடுவேன். எங்காளுங்க அல்லாருமே அப்டித்தான்." பெனிட்டாவும் சிரித்தாள்.

நீலமேகத்தின் குடியிருப்பு ஏரிக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் காலையில் படகில் வரும். கொண்டுவந்து விட்டதும் படகு மீன் ஏற்றப் போய்விடும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. பெனிட்டா வருகை எடுத்து முடித்து, மிஷினும் போன் போட்டு முடித்த பிறகு, அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி கோமளா மெதுவாக எழுந்து நின்றிருக்கிறாள்.

"மிஸ், பூவிழிக்கு வயிறு வலிக்குதாம். கண்ணத் தொறக்கவே முடியலன்னா. பேச்சு கொழகொழன்னு வருது. நீங்க போங்கடி, நான் பொறவு வரேன்னா."

பெனிட்டாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தரையில் படுக்கிற பிள்ளை, மழைக்காலம், இமை தூக்க முடியவில்லை என்றால் கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது. பாடத்தில் நாங்களே நடத்துவதுதான். பூவிழியின் அம்மா வேலம்மா விடியலிலேயே கூடையோடு சந்தைக்குப் போயிருப்பாள். வீட்டில் ஒரே போன், அது நீலமேகத்திடம். அவன் வலை கட்டும் இடத்திலிருந்து வீட்டுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான்.

போன் போட்டாள். எடுத்தான். பதற்றத்தில் அவள் வாய் பழக்கப்படி ஆரம்பித்தது: "வணக்கம், பெனிட்டா டீச்சர் பேசு..." கட்.

மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. குடியிருப்பில் இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் போட்டாள். ஒருத்தன் எடுத்து உடனே வைத்தான். "பாம்பு! பாம்பு கடிச்சிருக்கு!" என்று அவள் கத்தியது வைத்த போனில்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் சாக்பீஸோடு ஓடிவந்தேன். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தாழ்வாரத்தில் நின்று அதே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். விஷயம் புரியவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பையைத் தேடி என் போனை எடுத்து நான் நீலமேகத்தைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். "ஹலோ, யாருங்க?"

அதற்குள் முதல் பீரியட் முடிந்து மணி அடித்துவிட்டது.

துறையில் ஆட்டோவோடு நின்றோம். நீலமேகம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தான். யூனிபார்ம் போட்டிருந்தாள். ஒரு சடையில்தான் ரிப்பன் இருந்தது. "நைனா இருக்கேன்மா, நைனா இருக்கேன்," என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பொன்னேரி ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். பிள்ளைக்கு மூச்சு இல்லை.

யாரும் பெனிட்டாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். பேயறைந்தவள் மாதிரி வந்து பாடம் நடத்திவிட்டுப் போனாள். வருகை எடுக்கும்போது பூவிழி பெயரைத் தொடாமல் தாண்டிவிடுவாள். பெயரை நீக்க மேலிடத்து உத்தரவு வரவேண்டும். தொடாமல் விட்டால் வரவில்லை என்று மிஷின் அதுவாகவே எடுத்துக்கொள்ளும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மார்கழியில் ஒரு காலை நீலமேகத்தைத் துறையில் பார்த்தேன். போனைக் காதில் வைத்து, தலை குனிந்து அசையாமல் நின்றான். பக்கத்தில் போனதும் எனக்கே கேட்டது, பெனிட்டாவின் குரல். அடப்பாவி மிஷினே! நேரே ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் பெயரை நீக்க வழி தெரியாமல் போனைக் குடைந்துகொண்டிருந்தபோது நீலமேகமே வாசலில் வந்து நின்றான்.

"எடுத்துடாதீங்க டீச்சர்."

"அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே, எனக்குத் தெரியாது..."

"அதுக்கில்ல. முன்ன நான் முழுசாக் கேட்டதே இல்ல. கடைசில, 'நாளைக்குக் கட்டாயம் அனுப்பி வையுங்க'ன்னு சொல்றீங்களே, அப்டி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது." தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "அத்த மட்டும் எடுத்துடாதீங்க."

அவன் போய்விட்டான்.

மறுநாள் அவள் வருகை எடுக்கும்போது நான் கதவோரம் நின்றேன். பூவிழி பெயர் வந்ததும் அவள் விரல் நின்றது. இந்த முறை தாண்டவில்லை. 'வரவில்லை' என்பதை அவளே தொட்டாள்.