வரியோடு போன விளக்குகள்

செம்பூரில் கட்டடப் படம் வரைகிற ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஃபர்ஸானா திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கோபர்கைரனேயில் கட்டிக்கொண்டிருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி விளக்குத் தாளைத் திறந்தால், வெறும் தலைப்புதான் இருக்கிறது. படிக்கட்டுப் படத்திலும் ஒரு விளக்கு இல்லை. கரண்ட் போனால் பேட்டரியில் எரிய வேண்டிய விளக்குகள். அழித்தது அவள்தான்.

வேண்டுமென்றா அழித்தாள்? பொது விளக்குப் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எமர்ஜென்சி விளக்குக்குத்தான் தனித் தாள் இருக்கிறதே என்று அந்த வரியை மட்டும் நீக்கினாள். பழைய சாஃப்ட்வேரில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவள். அங்கே பட்டியல் என்றால் வெறும் கட்டம், அழித்தாலும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் புது சாஃப்ட்வேர் பொல்லாதது. பட்டியலில் வரியை நீக்கினால் படத்தில் கூரையில் இருக்கிற விளக்கும் சேர்ந்து போய்விடும். வரியை மறைக்க வேறு வழி உண்டு. நீக்கும்போது ஒரு பெட்டி வந்து எச்சரிக்கத்தான் செய்தது. மகராசி படித்தால்தானே! ஓகே தட்டி, எல்லோரும் வேலை பார்க்கிற பொதுக் கோப்பில் சேமித்தும் விட்டாள். அந்தப் படம்தான் சைட்டுக்குப் போயிருக்கிறது.

யா அல்லாஹ், வேலை போய்விடுமே! தாராவியில் அவள் புருஷன் அல்தாப் வேலை பார்த்த தோல் பை பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் உலை கொதிப்பதே இவளால்தான். இங்கே இன்னும் வேலை நிரந்தரமாகவும் இல்லை.

"ஃபர்ஸானா, சைட்டுக்குப் போய் சீலிங் பாத்துட்டு வந்துடு," என்றாள் முதலாளி பானுமதி. மாட்டுங்காக்காரி, கோபம் வந்தால் எதிரே நிற்க முடியாது. ஃபர்ஸானா உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். "சரி மேடம்" என்றுதான் வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள்.

சைட்டில் சீலிங் மேஸ்திரி கணேசபாண்டியன் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். அவளைப் போலவே அவரும் தாராவிதான்.

"சீலிங்க மூடியாச்சு, பாத்துக்க. படத்துல என்ன லைட்டு இருந்துச்சோ அதப் போட்டாச்சு. நீ போட்ட படத்துல தப்பு இருக்குமா?"

தலையை ஆட்டிவிட்டுப் பின்னாலேயே படியேறினாள். நாலைந்து மாடி ஏறியிருப்பார்கள், சைட்டில் கரண்ட் போயிற்று. ஜன்னலே இல்லாத படிக்கட்டு. சொந்தக் கை தெரியவில்லை.

"அசையாத தாயி! கைப்பிடி இன்னும் வைக்கல."

சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடுத்த படி எங்கே என்று கால் தடவியது, அகப்படவில்லை. கீழே சிமெண்டுச் சட்டி சுமந்து வந்த பொம்பிளை ஒருத்தி, "ஐயோ, படி தெரியலையே!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் ஃபர்ஸானாவுக்கு உறைத்தது. இத்தனை நேரம் பயந்தது தன் சோற்றுக்கு. நாளைக்கு இங்கே தீப்பிடித்தால், தையல் ஆறாத பெண்கள் இந்த இருட்டில்தான் இறங்குவார்கள்.

பானுமதிக்குப் போன் போட்டாள்.

"மேடம், படிக்கட்டு எமர்ஜென்சி லைட் எல்லாத்தையும் நாந்தான் அழிச்சிட்டேன். பட்டியல்ல வரிய எடுத்தேன், படத்துல இருந்தே போயிட்டு."

"சீலிங் மூடியாச்சா?"

"மூடியாச்சு."

போன் கட்டாகிவிட்டது. வேலை போயிற்று என்றே ஃபர்ஸானா வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, சீலிங்கப் பிரிங்க. எமர்ஜென்சி லைட்டு வைக்கணும்."

"என்ன புள்ள, வெளையாடுதியா? யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன். பிரிங்க அண்ணாச்சி. பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒருத்தி இதுல எறங்கணும்லா."