மெமென்டோ வாங்காத மெம்பர்

குளத்தூர்ப் பக்கம் ஒரு வார்டு மெம்பர், தனக்கு எடுத்த பாராட்டு விழாவில் பரிசை வாங்காமல் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, காரணமும் கூடவே வந்தது. பொன்னாடை எதிர்க்கட்சி நிறத்தில் இருந்ததாம். பாறசாலைச் சந்தைக்குள் வருவதற்குள் காரணம் மாறியிருந்தது. பிளெக்ஸ் பலகையில் பஞ்சாயத்துத் தலைவரின் மீசையை விட மெம்பரின் முகம் சின்னதாக இருந்ததாம். இது நம்பும்படி இருந்ததால், எழுதிவிடலாம் என்றே பேருந்து ஏறினேன்.

விழா முடிந்து மூன்று வாரம் ஆகியும் பலகை அங்கேயே நின்றது. முகம் பெரிதாகத்தான் இருந்தது. தலைவருக்கு மீசையே இல்லை.

மெம்பர் பெயர் புஷ்பபாய். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவரை வீட்டில் தேடிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் தானும் ஓரமாக உட்கார்ந்து, போன் கடை நோட்டீஸ் ஒன்றை விரித்து வைத்திருந்தார். பதினெட்டுத் தவணை, மாதம் வெறும் 1,999 ரூபாய்.

“மக்கா, அவன் வெறும்னு எழுதியிருக்கான். வெறும் எத்தரன்னு கூட்டிப் பாருங்க.”

பிள்ளைகள் பெருக்கினார்கள்; 35,982 வந்தது. ரொக்கத்துக்கு வாங்கினால் இருபத்தெட்டாயிரம் என்று நோட்டீசின் மூலையில் எறும்பு எழுத்தில் இருந்தது.

“அப்போ கூடுதலா ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு உண்டே, அது என்னது மெம்பரே?” என்றாள் ஷிஜா என்ற வாயாடி.

“அதாக்கும் மக்கா அந்த வெறும்.”

புஷ்பபாய் இருபது வருடமாகத் தபால் நிலையச் சேமிப்பு ஏஜென்ட். வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஊரின் சமையலறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். முன்பின் தெரியாதவனிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஏடிஎம் கார்டைக் கொடுத்து, அவன் அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புரட்டியதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த பையன்களையும் பார்த்திருக்கிறார். மெம்பர் ஆனதும் மற்றவர்கள் தெருவிளக்கு கேட்க, இவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணப்பாடம் நடத்த வாரம் ஒரு மணி நேரம் கேட்டார். மூன்று கூட்டத்தில் தீர்மானம் தோற்றது. “நாலாம் தடவ எல்லாருக்கும் விசப்பு. சோறுண்ணப் போற அவசரத்துல பாஸாக்கிட்டாங்க” என்கிறார். நம் நாட்டில் நல்ல தீர்மானங்கள் பிறக்கும் நேரம் குறித்து யாராவது ஆராயலாம்.

கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறார் என்ற பேச்சும் உண்டு. விசாரித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை யார் கணக்குத் தொடங்க வந்தாலும் அடுத்த ஊர் ஏஜென்டிடம் அனுப்பிவிடுகிறார். வதந்திக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

விழாவில் நடந்தது இதுதான். இந்தப் பணப்பாடத்துக்காக மெம்பரைப் பாராட்டி அதை நடத்தியது வார்டு இளைஞர் மன்றம். செயலாளர் அபிலாஷ் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொல்லி வந்தவன், “இந்த மெமென்டோவ நம்மள நம்பிக் கடனாத் தந்த தேவகுமார் அண்ணனுக்கும் நன்றி” என்றும் மனதாரச் சொல்லிவிட்டான். முன்வரிசையில் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் திரும்பி மெம்பரைப் பார்த்தது. ஷிஜா கேட்டே விட்டாள்: “மெம்பரே, இது எத்தர தவண?”

சபை சிரித்தது. புஷ்பபாய் எழுந்து மைக்கை வாங்கினார். “பேருக்கும் பெருமைக்கும் கடன் வாங்கப்பிடாதுன்னு இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது நானாக்கும். இது எனக்கு வேணும். ஒருபாடு ஆச உண்டு. பைசா குடுத்து முடிச்சுட்டுத் தாங்க, வாறேன்.” சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அபிலாஷைப் பார்த்தேன். முகம் இன்னும் சிவந்திருந்தது. “எங்க மன்றத்துல முப்பத்திரண்டு ஓட்டு உண்டு. போன தடவ அவங்க ஜெயிச்சது பத்தொம்பது ஓட்டுக்கு. அடுத்த மாசம் தேர்தலாக்கும். அத ஓர்ம வச்சுக்கச் சொல்லுங்க.” மெம்பரிடம் அவன் பேசுவதில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் மன்றத்தாரிடம் இருநூறு ரூபாய் வசூலித்துத் தேவகுமாரின் கடையில் கொண்டு கட்டுகிறான்.

“ஓட்டு போனா மெம்பர் வேல போவும், இந்த வகுப்பும் போவும்” என்றார் புஷ்பபாய், பள்ளியிலிருந்து இறங்கி நடக்கும்போது. பயம் குரலில் இருந்தது, மறைக்கவில்லை.

“அந்தப் பைசாவ நீங்களே குடுத்துத் தீர்த்திருக்கலாமே?”

“நல்ல கேள்வி சாரே. என் பைசாவுல வாங்கினா அது கடையில வாங்கின சாமானம்லா. பரிசாவுமா?”

வழியில்தான் தேவகுமாரின் கடை. பல்பு, பிளாஸ்டிக் வாளி, மாலைகளுக்கு நடுவே ஷெல்பில் அந்தக் கண்ணாடிப் பரிசு நின்றது. விலை ஆயிரத்து இருநூறு.

“மெம்பரே, இத எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். “பேரு கொத்தியாச்சு. வேற ஒரு புஷ்பபாய்க்கு நான் எங்க போவேன்?”

“இன்னும் எத்தர உண்டு?”

“அறுநூறு.”

புஷ்பபாய் அதைக் கையில் எடுத்தார். சேலைத் தலைப்பால் தன் பெயரின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை படித்தார். பிறகு, யார் கை பட்டும் விழுந்துவிடாதபடி, ஷெல்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.