மார்லாவின் நான்காவது வெள்ளிக்கிழமை

கர்ட்டிஸ் ஓபர்லி என்ற பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் எஃகு ஆலையில் அவன் எலக்ட்ரீஷியன். ஓய்வறை மேசையில் அட்டைப்பெட்டியைத் திறந்துவைத்து வேப் என்கிற மின்சிகரெட்டுச் சாமான் விற்பதுதான் அவனுக்கு உண்மையான உத்தியோகம். மின்சார வேலை பொழுதுபோக்கு. அவன் கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது மார்லா வூயிச்சைப் பற்றி.

மார்லா எங்கள் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினாள். கூரையை ஒட்டி ஓடும் கிரேன் அது. எழுபத்திரண்டு படி இரும்பு ஏணியில் ஏற வேண்டும். நான் கீழே நின்று எஃகுப் பலகைக்குக் கொக்கி மாட்டுகிறவள். பதினெட்டு டன் பலகையை என் தோளுக்கு நாலடி தள்ளி இறக்குவாள், முட்டையை வைப்பதுபோல வைப்பாள். அவள் கைக்குக் கீழே நிற்கும்போது ஒரு நாள்கூட நான் பயந்ததில்லை.

அவள் சேர்ந்த புதிதில், பெண்பிள்ளை மேலே ஏறுவதா என்று யாரோ ஏணிப் படியெல்லாம் கிரீஸ் தடவி வைத்தார்களாம். இவள் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து அந்தக் கந்தலை ஃபோர்மேன் ஹெல்மெட்டின் மேல் போட்டாளாம். புருஷன் அரிசோனாவுக்கு ஓடிப்போனபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. "போனவன் போகட்டும்டி, டிவியையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள். பதினாறு வயதிலிருந்து சிகரெட். ஒரு நாளைக்கு ஒன்றரை பாக்கெட்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு குளிர்காலத்தில் அவள் ஏணியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஆலை டாக்டர் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். நான்கு வெள்ளிக்கிழமை வந்து மூச்சைச் சோதிக்கும் மெஷினின் குழாயில் ஊத வேண்டும். சிகரெட் புகை உள்ளே போயிருந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். நான்கும் சுத்தமாக இருந்தால் கிரேன் அவளுக்கு. ஒன்று தவறினாலும் வாசல் கேபின், தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலை.

வேப்புக்குப் போகிறேன் என்றாள், அதன் ஆவி அந்த மெஷினில் தெரியாது. அந்த டாக்டருக்கு அதுவும் பிடிக்கவில்லை, ஆனால் முதலில் சிகரெட் ஒழியட்டும் என்று விட்டுவிட்டார். கர்ட்டிஸ் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். வேப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் முனையைத்தான் முதலில் எடுத்தான்.

"குறைஞ்ச ரெசிஸ்டன்ஸ் முனை வாங்கு மார்லா. சின்ன பேட்டரி போதும், சும்மா கும்முனு இழுக்கும். தொண்டையில சிகரெட் மாதிரியே அடிக்கும். டயல் வச்ச வோல்டேஜ் சமாச்சாரமெல்லாம் பந்தா."

"அந்தச் சின்ன பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரம். சார்ஜ் போட்டுக்கோ."

"எங்க போடுறது? கொக்கியிலயா? சார்ஜுக்காக எழுபத்திரண்டு படி இறங்கி ஏறணுமா? அந்தப் படியில மூச்சு நிக்குதுன்னுதானே இந்தக் கூத்தே!"

ஓய்வறை முழுக்கச் சிரித்தது. கர்ட்டிஸ் மூஞ்சி தொங்கிப்போயிற்று. அவள் ஒரு வாரம் படித்து, நோட்டில் எழுதி, வோல்டேஜை ஏற்றி இறக்கும் டயல் வைத்த வேப் ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள். கனமான பேட்டரி, ஒரு ஷிஃப்ட் தாங்கும். காலையில் அரிப்பு அதிகம் என்று ஐந்து வோல்ட்டுக்கு ஏற்றுவாள், மதியம் நாலுக்கு இறக்குவாள். கர்ட்டிஸிடம் சொல்லவில்லை. அவன் பேச்சு அவளுக்கு அலுத்துவிட்டது.

மூன்று வெள்ளிக்கிழமை சுத்தமாக ஊதினாள். டாக்டரே கைகுலுக்கினாராம்.

நான்காவது வெள்ளிக்கு முந்தின நாள், முனை அடைத்துக்கொண்டு ருசி கெட்டுப்போச்சு, புதுசு திங்கள்தான் வரும் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மறுநாள் காலை கர்ட்டிஸிடம் போய், "எது பலமா இழுக்கும்?" என்று கேட்டேன். குறைந்த ரெசிஸ்டன்ஸ் என்றான். ஸ்ட்ராங் காபி மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். எந்த வேப்புக்கு என்று அந்த ஆளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து முனை வாங்கி, கவரைக் கிழித்தெறிந்துவிட்டு, கயிற்று வாளியில் போட்டு மேலே அனுப்பினேன். பழைய முனையும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவள் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு, நாங்கள் பேசிக்கொள்ளும் கை ரேடியோவில் கூப்பிட்டாள்.

"ஏய் ஒஃபீலியா, என்னடி அனுப்பின? கருகின ரப்பர் மாதிரி இருக்கு. ரெண்டு இழுப்பு இழுத்தா மினுக்கு மினுக்குனு மின்னி நின்னுடுது."

"வேற முனை மாத்திப் பாருடி."

"மூணு மாத்திட்டேன். நைட் ஷிஃப்ட்காரன் சிகரெட் பாக்கெட் இங்கதான் கிடக்கு. இருபத்தேழு நாளா கிடக்கு. இன்னிக்குத்தான் என்னையே பார்க்குது."

"தொட்ட, கையை ஒடிப்பேன்!"

"கத்தாதே. கர்ட்டிஸ்கிட்டதானே வாங்கியிருப்ப, அவன்கிட்ட போ. இது என்ன முனைன்னு மட்டும் கேட்டுட்டு வா. சீக்கிரம் வா."

கேட்டுவிட்டு வா என்றாள். அவ்வளவுதான் வேலை. என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? எலக்ட்ரிக் ஷெட்டுக்குப் போவதற்குள் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. கர்ட்டிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். அந்த டோனட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. ரேடியோவை அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினேன்.

"யோவ், மனுஷனா நீ? குப்பையைத் தள்ளிவிட்டிருக்கியே! இன்னிக்கு அவளுக்குக் கடைசி டெஸ்ட், தெரியுமில்ல?"

"ஏம்மா, விஷயத்தைச் சொல்லிட்டுக் கத்து."

"என்னத்தைச் சொல்ல? அவ அங்க தனியா உட்கார்ந்து தவிக்கிறா, நீ இங்க டோனட் தின்னு!"

எத்தனை நிமிடம் கத்தினேனோ. அவன் பல்லை, அவன் டிப்ளமாவை, அவன் அம்மாவை எல்லாம் இழுத்தேன். கடைசியில் இப்படியும் சொன்னேன்:

"அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? பத்து தடவை விட்டு பத்து தடவை பிடிச்சவ. எப்படியும் அவளால முடியாது. பன்னிரண்டு மணி தாண்டமாட்டா, பாரு. பழி உன் தலையிலதான்!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். கர்ட்டிஸ் மெதுவாகக் கேட்டான்.

"அவ வேப்புல டயல் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அடிப்பாவி, அதை முதல்ல சொல்லக் கூடாதா? இந்த முனையை அஞ்சு வோல்ட்ல வச்சா கருகத்தான் செய்யும், வேப் தானா கட் ஆயிடும். மூணுக்குக் கொஞ்சம் மேல இறக்கச் சொல்லு. நல்லா இழுக்கும்."

ஓடினேன். ஓடிக்கொண்டே ரேடியோவை வாயருகே கொண்டுபோனால் என் கட்டைவிரல் ஏற்கனவே பேசும் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறது. எப்போதிலிருந்து? ஷெட்டில் அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டியதிலிருந்தே இருக்கும். நான் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை அவள் பேச முடியாது. ஆனால் நான் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். ஷெட்டின் கம்ப்ரஸர் சத்தத்தில் கர்ட்டிஸ் சொன்னது எடுத்திருக்காது. என் குரல் எடுத்திருக்கும். அது எந்தச் சத்தத்திலும் எடுக்கும்.

"மார்லா! டயலை மூணுக்கு இறக்குடி! அவ்வளவுதான்டி, வேற ஒண்ணுமில்ல!"

பட்டனை விட்டேன். அவள் குரல் வந்தது.

"வேணாம் ஒஃபீலியா. பத்த வச்சாச்சு."

"ஏன்டி? ஒரு அஞ்சு நிமிஷம்..."

"உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். லைன் கிடைக்கல. நீ பேசினது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. நீயே அப்படிச் சொன்னப்புறம் யாருக்காக இழுத்துப் பிடிக்கிறதுன்னு தோணிடுச்சு. சரி, கொக்கி மாட்டு, பலகை காத்திருக்கு."

மாட்டினேன். வேறு என்ன செய்வது? மூன்று மணிக்கு அவள் ஊதினாள். மெஷின் சிவப்பு காட்டியது. திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவோடு வாசல் கேபினுக்குப் போனாள். யார் மேலும் பழி சொல்லவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஏணி இல்லை, பதினெட்டு டன் இல்லை. கம்பியைத் தூக்குகிறாள், இறக்குகிறாள். கர்ட்டிஸின் டிரக்குக்கும் தூக்குகிறாள், என் காருக்கும் தூக்குகிறாள். குட்மார்னிங் ஒஃபீலியா என்கிறாள். 'டி' போடுவதில்லை. மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு சிகரெட்டுக்கு முன்னால் இருபத்தேழு நாள், அதற்குப் பின்னால் இந்த இரண்டு வருஷம், மார்லா சிகரெட்டைத் தொடவில்லை. அவளால் முடியாது என்று இந்த ஆலையில் சொன்ன ஒரே ஆள் நான்தான்.