ஸ்டெல்லா அக்காவைத் தெரியாது என்றவன்

ஸ்டெல்லா மேரி அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி, சிதம்பரம் மேலவீதியில் நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அவர் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து பேசினார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர் முதுநகர்க்காரர். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபோது ஒன்பது ஆண்டுகள் நாங்கள் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அதட்டலான குரல் அவருக்கு. நோயாளியின் கையில் நரம்பு தேடும்போது மட்டும் அது அப்படியே இறங்கிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அவருடைய கைப்பையைத் திருடிவிட்டார்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை எல்லாம் அதில்தான். போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு தூதரகத்தில் விண்ணப்பித்தோம். ஊரில் விசாரித்துப் பதில் வரவேண்டும் என்றார்கள். வீட்டில் தம்பி சார்லஸ் இருந்தான். அக்கா படிக்கவைத்த தம்பி.

அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. தம்பியைக் கேட்டால், விசாரிக்க யாரும் வரவே இல்லை என்றான். அக்கா நம்பினார். இதற்கிடையில் அவருடைய அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போக ஒருவழிப் பயணச் சான்றுகூடக் கிடைக்கவில்லை. அடக்கத்தை அக்கா போனில்தான் பார்த்தார்.

விடுப்பில் வந்த நான் முதுநகருக்குப் போனேன். போலீஸ்காரரிடம் சார்லஸ் வாசலில் நின்று, அப்படி யாரையும் தெரியாது என்று சொன்னதை எதிர்வீட்டு அம்மாள் காதால் கேட்டிருக்கிறார். வீட்டைத் தன் ஒருவன் பேருக்கு மாற்ற அவன் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அக்காவிடம் போனில் சொன்னேன்.

"அவனுக்குப் பேரு வச்சதே நான்தான்டி" என்றார்.

பங்குத்தந்தை தந்த ஞானஸ்நானச் சான்றையும் எதிர்வீட்டு அம்மாளின் கடிதத்தையும் வைத்து மறுவிசாரணை கேட்டோம். பாஸ்போர்ட் வந்தது. அடுத்த ஆண்டு இருவரும் வேலையை விட்டுத் திரும்பினோம். அக்கா கடலூருக்குப் போகாமல், சிதம்பரத்தில் என் அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். சார்லஸ் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பியது நான். அவன் போன் செய்தால் வைத்துவிடுவதும் நான்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு அவன் வந்தான். நான் வழிவிடவில்லை.

"இன்னிக்கு மட்டும் எப்புடித் தெரிஞ்சுது ஒனக்கு இவுங்கள?"

அவன் தலை நிமிரவில்லை. "போன வருசமே அவுங்க பங்க எனக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுத்தான் போனாங்க. ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு, ஒரு வருடமாகச் சொல்லவில்லை.

நான் விலகினேன். அவன் மண் போட்டான். பிறகு நானும் போட்டேன். எல்லோரும் போனபின், சிலுவையில் அக்காவின் பெயரைத் தொட்டேன். பெயின்ட் விரலில் ஒட்டியது.

அக்கா, அவனை மன்னித்தது உங்கள் இஷ்டம். உங்களுக்காக அவனை வெறுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதோடுதான் உங்களை வழியனுப்புகிறேன். போய் வாருங்கள்.